கேள்வி–பதில்: கன அளவு சரி, மூடிதான் மூடவில்லை

சென்ற இதழில் பெட்டி அடுக்குவது பற்றிப் போகிற போக்கில் நான்கு வரி எழுதினேன். அதற்கு வந்த கடிதங்கள் இந்த முறை மேசை இழுப்பறையில் அடங்கவில்லை. ஒரு கடிதம் என்னுடைய தவறு ஒன்றைக் கையும் களவுமாகப் பிடித்திருக்கிறது. அதை இரண்டாவதாக வைத்திருக்கிறேன். முதல் கேள்வியிலேயே குற்றவாளிக் கூண்டில் ஏற மனம் வரவில்லை.

கேள்வி: வீடு மாறினோம். சாமான்களின் நீளம், அகலம், உயரம் எல்லாவற்றையும் அளந்து கன அளவைக் கூட்டினேன். வண்டியின் கொள்ளளவைவிடக் குறைவாகவே வந்தது. ஆனாலும் ஓர் அலமாரியும் இரண்டு பெட்டிகளும் தெருவில் நின்றுவிட்டன. கூட்டலை மூன்று முறை சரிபார்த்துவிட்டேன். பிழை எங்கே?

பதில்: கூட்டலில் பிழை இல்லை. கூட்டினால் போதும் என்று நம்பியதில்தான் இருக்கிறது. கன அளவு தண்ணீருக்கு உண்மை சொல்லும், மணலுக்கு ஏறக்குறைய உண்மை சொல்லும், அலமாரிக்குச் சொல்லாது. மொத்தக் கன அளவு கொள்ளளவை மீறினால் 'அடங்காது' என்று அடித்துச் சொல்லலாம். மீறாவிட்டால் எதுவும் சொல்ல முடியாது.

"வண்டியில் சந்துபொந்துகள் வீணாகியிருக்கும், கெட்டிக்காரர் யாராவது அடுக்கியிருந்தால் அடங்கியிருக்கும்" என்று நீங்கள் நினைக்கலாம். கன அளவு துல்லியமாகப் பொருந்தியும், எந்தக் கெட்டிக்காரராலும் அடுக்க முடியாத பெட்டி ஒன்று உண்டு. நெதர்லாந்துக் கணித அறிஞர் டி ப்ராய்னின் ஏழு வயது மகன் 1×2×4 அளவுள்ள கட்டைகளை வைத்து விளையாடியபோது, அவற்றால் 6×6×6 பெட்டியை நிரப்ப முடியவில்லை என்று கண்டுகொண்டான். பெட்டியின் கன அளவு 216. ஒரு கட்டைக்கு 8. ஆக 27 கட்டைகள் கச்சிதமாக நிரப்ப வேண்டும். நிரப்பவில்லை. ஏன் என்று அப்பா யோசித்தார். 1969-ல் அது ஓர் ஆய்வுக் கட்டுரையாகவே வந்தது.

பழைய மேசை ஒன்றை உடைத்தபோது மிஞ்சிய பலகையில் நானும் 27 கட்டைகள் அறுத்து வைத்திருக்கிறேன். வீட்டுக்கு வருகிறவர்களிடம் கொடுத்துவிட்டு ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருப்பேன். பெரும்பாலானவர்கள் கால் மணி நேரத்தில் என் அறுவை வேலையைக் குறை சொல்ல ஆரம்பிப்பார்கள். அறுவை சரிதான். காரணம் இது. பெட்டியை 2×2×2 அளவுள்ள 27 கனசதுரங்களாகப் பிரித்துக்கொள்ளுங்கள். சதுரங்கப் பலகையைப் போல அவற்றுக்கு மாற்றி மாற்றிக் கறுப்பு, வெள்ளை பூசுங்கள். 27 ஒற்றைப்படை எண் என்பதால் சமமாக வராது. 14 கறுப்பு, 13 வெள்ளை. சிறு கட்டங்களாக எண்ணினால் கறுப்பு 112, வெள்ளை 104. இப்போது ஒரு கட்டையை எங்கே, எந்தத் திசையில் வைத்தாலும் அதன் நான்கு அலகு நீளத்தில் இரண்டு கறுப்பிலும் இரண்டு வெள்ளையிலும் விழும். அதாவது ஒவ்வொரு கட்டையும் 4 கறுப்பு, 4 வெள்ளை என்று சரிசமமாகவே விழுங்கும். 27 கட்டைகளும் உள்ளே போக 108 வெள்ளைக் கட்டங்கள் வேண்டும். இருப்பதோ 104. குறைந்தது ஒரு கட்டையாவது வெளியில்தான் நிற்கும்.

உங்கள் அலமாரியும் அந்தக் கட்டையின் உறவினர்தான். ஒப்புக்கொள்கிறேன், தெருவில் நின்றபோது இது ஆறுதலாக இருந்திருக்காது.

கேள்வி: "பெரியதை முதலில் வை, அது இடம் பிடிக்கும் முதல் பெட்டியிலேயே போடு. இந்த முறையில் ஒரு சாமானை விலக்கினால் பெட்டிகளின் எண்ணிக்கை குறையலாம் அல்லது அப்படியே இருக்கலாம், கூடாது" என்று சென்ற இதழில் எழுதியிருந்தீர்கள். நிரூபணம் தருவீர்களா? நான் முயன்றேன், வரவில்லை.

பதில்: வராது. ஏனென்றால் நான் எழுதியது தவறு. முப்பது ஆண்டுகள் கரும்பலகை முன் நின்றவனுக்கு 'இது தெரிந்ததுதானே' என்ற நினைப்பைவிடப் பெரிய சத்துரு கிடையாது.

எப்படித் தவறு என்று உட்கார்ந்து கணக்குப் போட்டே காட்டிவிடுகிறேன். இத்துறைப் பாடங்களில் அடிக்கடி எடுத்துக்காட்டும் ஒரு பட்டியல் இருக்கிறது. ஒவ்வொரு பெட்டியின் கொள்ளளவும் 524. சாமான்கள் 33 (வடிவத்தை மறந்துவிடுங்கள், ஒவ்வொன்றுக்கும் எடையைப் போல ஓர் எண் மட்டும்): 442 ஒன்று, 252 ஏழு, 127 ஐந்து, 106 நான்கு, பிறகு 85, 84, 46 ஒவ்வொன்று, 37 இரண்டு, 12 மூன்று, 10 ஆறு, 9 இரண்டு. கூட்டினால் 3668. அதாவது சரியாக ஏழு பெட்டிகள், ஓர் இம்மி மிச்சமில்லை.

முறைப்படி அடுக்குங்கள். 442 முதல் பெட்டியில் போகும், 82 மீதி. ஏழு 252-களில் ஆறு, இரண்டிரண்டாக அடுத்த மூன்று பெட்டிகளில் உட்கார்ந்து ஒவ்வொன்றிலும் 20 மிச்சம் வைக்கும். ஏழாவது 252, இரண்டு 127-களோடு ஐந்தாம் பெட்டியில், அங்கே மீதி 18. மற்ற மூன்று 127-களும் ஒரு 106-ம் ஆறாவதில், மீதி 37. மூன்று 106, 85, 84 ஏழாவதில், அங்கேயும் மீதி 37. அடுத்து 46 வருகிறது. அது முதல் பெட்டியின் 82-ல் இறங்கி 36 மிச்சம் வைக்கிறது. 36-ல் 37 நுழையாது. ஆகவே இரண்டு 37-களும் ஆறாவது, ஏழாவது பெட்டிகளின் மீதியைத் துடைத்தெடுக்கின்றன. மூன்று 12-கள் அந்த 36-ஐ நிரப்புகின்றன. ஆறு 10-கள் மூன்று 20-களையும், இரண்டு 9-கள் 18-ஐயும் நிரப்புகின்றன. ஏழு பெட்டிகளும் விளிம்புவரை நிறைந்தன. பார்க்கவே கண்ணுக்குக் குளிர்ச்சி.

இப்போது 46-ஐத் தூக்கி வெளியே வையுங்கள். பாரம் குறைந்தது என்று மகிழ வேண்டாம். முதல் பெட்டியின் 82 காலியாக இருப்பதால் இரண்டு 37-களும் அங்கே போய் உட்கார்ந்துகொள்கின்றன, மீதி 8. 12-களுக்கு அங்கே இடமில்லை. அவை 20 மீதியிருந்த மூன்று பெட்டிகளில் ஒவ்வொன்றாக விழுந்து 8, 8, 8 என்று மிச்சம் வைக்கின்றன. 10-களில் ஒன்று ஐந்தாம் பெட்டிக்குப் போய் அங்கேயும் 8-ஐ விடுகிறது. மூன்று ஆறாம் பெட்டியில் விழுந்து 7-ஐ விடுகின்றன. இரண்டு ஏழாவதில். முதல் 9 ஏழாம் பெட்டியில் ஏறுகிறது, அங்கே மீதி 8. கடைசி 9 கையில் நிற்கிறது. ஏழு பெட்டிகளில் ஆறில் 8, ஒன்றில் 7. மொத்தம் 55 இடம் காலி, ஆனால் ஓர் ஒன்பதை வைக்க முடியவில்லை. எட்டாவது பெட்டியைத் திறந்தாக வேண்டும்.

ஒரு திருத்தம் சொல்லிவிடுகிறேன். 32 சாமான்களுக்கும் ஏழு பெட்டிகள் போதும் என்பது மாறவில்லை. பழைய அடுக்கிலிருந்து 46-ஐ எடுத்துவிட்டு அந்த இடத்தைக் காலியாக விட்டால் போதுமே. மோசமானது நம்முடைய முறைதான். நான் உண்மையையும் முறையையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டேன். நீங்கள் குழப்பிக்கொள்ளவில்லை. இனி இந்தப் பகுதியில் நிரூபணம் வராத வாக்கியம் எழுதினால் உடனே எழுதுங்கள்.

கேள்வி: அப்படியானால் அந்த முறையை ஏன் எல்லோரும் பயன்படுத்துகிறார்கள்? எப்போதும் சரியான விடை தரும் அல்காரிதமே கிடையாதா?

பதில்: உண்டு. எல்லா அடுக்குகளையும் ஒன்று விடாமல் பார்த்துவிட்டுச் சிறந்ததை எடுங்கள். சாமான்கள் கொஞ்சம் கூடினால் அந்த அல்காரிதம் முடிவதற்குள் நாம் முடிந்துவிடுவோம்.

இந்தச் சாமான்கள் இரண்டே பெட்டிகளில் அடங்குமா என்று கேட்பதே கடினமான கேள்விதான். எண்களை இரண்டு சம பங்காகப் பிரிக்கும் அந்தக் கணக்கு, ரிச்சர்ட் கார்ப் 1972-ல் வெளியிட்ட 21 கடினமான கணக்குகளின் பட்டியலில் இருக்கிறது. அவற்றில் எந்த ஒன்றுக்கும் விரைவான வழி கண்டால் எல்லாவற்றுக்கும் கண்டதாகிவிடும். இன்றுவரை யாரும் காணவில்லை. அப்படி ஒரு வழி இல்லவே இல்லை என்றும் யாரும் நிரூபிக்கவில்லை. எந்தப் பக்கம் தீர்த்தாலும் பத்து லட்சம் டாலர் பரிசு காத்திருக்கிறது. உங்கள் மகன் பெட்டி அடுக்குவதில் கெட்டிக்காரன் என்றால் சொல்லி வையுங்கள்.

ஆகவே நடைமுறையில் 'சிறந்தது' என்ற ஆசையை விட்டுவிட்டு, 'எவ்வளவு மோசமாகப் போகும்' என்பதற்கு உத்தரவாதம் கேட்கிறோம். பெரியதிலிருந்து தொடங்கும் முறைக்கு அந்த உத்தரவாதத்தை டேவிட் ஜான்சன் 1973-ல் தம் முனைவர் பட்ட ஆய்வில் தந்தார். தேவையான பெட்டிகளின் 11/9 மடங்கு, அதற்கு மேல் ஒரு சின்ன நிலையான எண், இதைத் தாண்டாது. அந்தச் சின்ன எண் 6/9 என்று ஹங்கேரியின் ஜியோர்ஜி டோசா 2007-ல் முடித்துவைத்தார். சாதாரணமாகச் சொன்னால், ஒன்பது பெட்டிகள் போதும் என்ற இடத்தில் இந்த முறை பதினொன்றைத் தாண்டாது. வரிசைப்படுத்தாமல் வருகிற வரிசையிலேயே போட்டால் உத்தரவாதம் 1.7 மடங்குக்கு நழுவிவிடும். பெரியதை முதலில் வைக்கும் பழக்கத்துக்கு இவ்வளவு மதிப்பு.

அடுக்கி முடித்த பிறகு மென்பொருள்கள் அதோடு விடுவதில்லை. ஒரு சாமானை எடுத்து வேறிடத்தில் வைத்துப் பார்க்கும், இரண்டை இடம் மாற்றிப் பார்க்கும். சில சமயம் வேண்டுமென்றே நிலைமையைக் கொஞ்சம் மோசமாக்கிவிட்டு அங்கிருந்து மீண்டும் ஏற முயலும். பெட்டியைக் குலுக்குகிறோமே, அதன் கணிப்பொறி வடிவம் அது.

கேள்வி: பந்துகளை எப்படி அடுக்குவது என்று குழந்தைக்குக்கூடத் தெரியும். அதை நிரூபிக்கக் கணித மேதைகளுக்கு நானூறு ஆண்டுகள் ஆயிற்றாம். நேரம் போகாதவர்களோ?

பதில்: கேலி புரிகிறது. ஆனால் குழந்தைக்குத் தெரிந்தது 'இப்படி அடுக்கலாம்' என்பது. 'இதைவிட நெருக்கமாக யாராலும், எந்த வகையிலும் அடுக்க முடியாது' என்பது குழந்தைக்குத் தெரியாது. உங்களுக்கும் எனக்கும் தெரியாது.

கதை பீரங்கிக் குண்டுகளில் தொடங்குகிறது. கப்பல் தளத்தில் குண்டுகளை அடுக்குவது பற்றி ஆங்கிலேயக் கடலோடி வால்டர் ராலேயிடம் பணிசெய்த தாமஸ் ஹாரியட் யோசித்தார். அவருடன் கடிதத் தொடர்பில் இருந்த வானியலாளர் கெப்ளர், 1611-ல் பனித்துகள் பற்றி எழுதிய சிறு நூலில், பிரமிடு போல் குவிக்கும் அடுக்கே மிக நெருக்கமானது என்று எழுதிவைத்தார். அந்த அடுக்கில் இடத்தின் 74.05 சதவீதம் நிரம்புகிறது. பந்துகளைக் கொட்டிக் குலுக்கினால் 64 சதவீதத்தையொட்டி நின்றுவிடும்.

ஒழுங்கான வரிசையில் திரும்பத் திரும்ப வரும் அடுக்குகளுக்குள் கெப்ளரின் அடுக்கே சிறந்தது என்று 1831-ல் காஸ் காட்டினார். தொல்லை கொடுத்தவை ஒழுங்கற்ற அடுக்குகள். ஒரு பந்தைச் சுற்றி அதைத் தொட்டுக்கொண்டு பன்னிரண்டு பந்துகளை வைக்கலாம். வைத்த பிறகும் அவை ஆடும், இடைவெளி மிஞ்சும். பதின்மூன்றாவது நுழையுமா என்று 1694-ல் நியூட்டனும் டேவிட் கிரிகரியும் விவாதித்தார்கள். நுழையாது என்ற நியூட்டனின் பக்கமே சரி என்று முழுமையாக நிரூபணமானது 1953-ல். அந்தப் பன்னிரண்டையும் பன்னிரண்டு முகத் திண்மத்தின் முகங்களுக்கு நேராக அடுக்கினால், அந்த ஓர் இடத்தில் மட்டும் அடர்த்தி 75 சதவீதத்தைத் தாண்டுகிறது. கெப்ளரின் எண்ணைவிட அதிகம்! ஆனால் அதே அடுக்கைச் சுற்றிலும் நீட்டிக்கொண்டு போக முடியாது. இங்கே மிச்சப்படுத்திய இடம் பக்கத்திலேயே இரண்டு மடங்காகக் கசிந்துவிடும். நம் 46-ஐ நினைவிருக்கிறதா? அதே கோளாறுதான், பந்துகளின் உருவில். எத்தனை இடங்களில் இப்படி லாபம் பார்த்தாலும் கடைசியில் மொத்தம் 74.05-ஐத் தாண்டாது என்று காட்டுவதில்தான் நூற்றாண்டுகள் போயின.

1998-ல் தாமஸ் ஹேல்ஸ், மாணவர் சாமுவேல் ஃபெர்குசனின் உதவியோடு, நிரூபணம் ஒன்றைத் தந்தார். எழுத்தில் 250 பக்கம், கூடவே மூன்று கிகாபைட் கணிப்பொறி நிரல்களும் தரவுகளும். பன்னிரண்டு நடுவர்கள் நான்கு ஆண்டுகள் மல்லாடிவிட்டு "99 சதவீதம் நிச்சயம்" என்றார்கள். எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த இடம் இதுதான். 99 சதவீதம் மருத்துவருக்குப் போதும், வானிலை ஆய்வாளருக்குத் தாராளம். ஹேல்ஸுக்குப் போதவில்லை. ஒவ்வொரு படியையும் கணிப்பொறியே சரிபார்க்கும் வடிவில் நிரூபணத்தை மீண்டும் எழுதத் தொடங்கினார். ஒரு பெரும் குழு சேர்ந்து 2014-ல் முடித்தது, 2017-ல் அது வெளியாயிற்று. நேரம் போகாதவர்கள் செய்யும் வேலையா இது?

கேள்வி: சதுரத்துக்குள் சிறு சதுரங்களை அடுக்குவதாவது எளிதா?

பதில்: நான்கு, ஒன்பது, பதினாறு என்றால் எளிது. ஐந்தில் நடுச் சதுரம் 45 பாகை சாய்ந்துகொள்ளும். சிறு சதுரத்தின் பக்கம் 1 என்றால் வெளிச் சதுரத்தின் பக்கம் 2.707, அதற்கு நிரூபணம் உண்டு. பதினொன்றைக் கேட்காதீர்கள். இதுவரை கண்டவற்றில் சிறந்த அடுக்கின் பக்கம் 3.877. அதில் சில சதுரங்கள் 40 பாகையைச் சற்றே தாண்டிய கோணத்தில், யாரோ தடுக்கி விழுந்ததைப் போலக் கிடக்கும். 45 கூட இல்லை. பதினேழுக்கு 1998-ல் ஜான் பிட்வெல் கண்ட அடுக்கு (4.6756) இன்னும் அலங்கோலம். இவை இரண்டும்தான் சிறந்தவை என்று யாரும் நிரூபித்ததில்லை, மிஞ்சவும் இல்லை. முதல் முறை அந்தப் படங்களைப் பார்த்தபோது அச்சுப் பிழை என்றே நினைத்தேன்.

கேள்வி: செயற்கை நுண்ணறிவு இதையெல்லாம் ஊதித் தள்ளிவிடாதா?

பதில்: சிலவற்றைத் தள்ளுகிறது. சாமான்கள் ஒவ்வொன்றாக வர வர, பின்னால் வருவது தெரியாமல் அடுக்கும் கணக்குக்கு கூகுளின் டீப்மைண்ட் நிறுவனத்தின் ஒரு நிரல் 2023-ல் புதிய விதிகளைக் கண்டது. 2025-ல் அதே நிறுவனத்தின் இன்னொன்று, 11 பரிமாணத்தில் (அதாவது ஒரு புள்ளியைக் குறிக்க 11 எண்கள் வேண்டிய வெளியில்) ஒரு பந்தை 593 பந்துகள் தொட்டு நிற்கும் அடுக்கைக் காட்டியது. முன்பு 592. ஆனால் 594 முடியாது என்று அது சொல்லவில்லை. நல்ல அடுக்கைக் காட்டுவது ஒரு தொழில், அதற்கு மேல் இல்லை என்று காட்டுவது வேறு தொழில்.

கேள்வி: கல்லூரி மாணவி நான். 8 பரிமாணம், 24 பரிமாணப் பந்துகள் என்று படித்தேன். நாம் வாழ்வதே மூன்றில். இதனால் யாருக்கு என்ன?

பதில்: உங்கள் கைப்பேசிக்கு. ஒரு செய்தியை 24 எண்களாக அனுப்புகிறீர்கள் என்று வையுங்கள். அது 24 பரிமாண வெளியில் ஒரு புள்ளி. வழியில் இரைச்சல் சேர்ந்து புள்ளி சற்றே நகர்ந்து வந்துசேரும். ஒவ்வொரு செய்தியைச் சுற்றியும் 'இதற்குள் எங்கே விழுந்தாலும் நான்தான்' என்று ஒரு பந்து வரைந்துகொண்டால், பந்துகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாத வரை குழப்பம் வராது. பந்துகளை எவ்வளவு நெருக்கமாக அடுக்க முடிகிறதோ அவ்வளவு அதிகம் செய்திகளை அனுப்பலாம். வியாழனையும் சனியையும் கடந்தபோது வாயேஜர் விண்கலங்கள் வண்ணப் படங்களை அனுப்பப் பயன்படுத்திய, இரைச்சலால் வரும் பிழைகளைத் திருத்தும் கோலே குறியீடும், 24 பரிமாணத்தின் புகழ்பெற்ற லீச் அடுக்கும் நெருங்கிய சொந்தம்.

8 பரிமாணத்தில் எது சிறந்த அடுக்கு என்பதை 2016-ல் உக்ரைனில் பிறந்த மரினா வியாசோவ்ஸ்கா தனியாகவே நிரூபித்தார். சில நாட்களிலேயே நால்வருடன் சேர்ந்து 24-க்கும் முடித்தார். 2022-ல் கணிதத்தின் மிக உயரிய விருதுகளில் ஒன்றான ஃபீல்ட்ஸ் பதக்கம் பெற்றார். மூன்று கிகாபைட் எல்லாம் இல்லை, முதல் கட்டுரை இருபது பக்கத்தையொட்டித்தான். அந்த இரண்டு பரிமாணங்களிலும் அடுக்கு அவ்வளவு கச்சிதமாகப் பொருந்துகிறது, 46-க்கு அங்கே வேலையில்லை. நான்கு பரிமாணத்தில் எது சிறந்தது என்பதற்கு நிரூபணம் கிடையாது. படிப்பு முடிந்ததும் அந்தப் பக்கம் எட்டிப்பாருங்கள்.

கேள்வி: நான் ஆறாம் வகுப்பு. நீங்கள் சொன்ன 3×3×3 பெட்டிப் புதிர் வரவே இல்லை. 1×2×2 கட்டை ஆறு, 1×1×1 சின்னக் கட்டை மூன்று. விடை சொல்லுங்கள் சார்.

பதில்: விடை சொல்ல மாட்டேன் தம்பி, ஆனால் உன்னைப் பாதி வழி கொண்டுவந்து விடுகிறேன். பெட்டியை மூன்று மாடிகளாக நினை. ஒரு மாடியில் 9 இடம். பெரிய கட்டையை எப்படி வைத்தாலும் ஒரு மாடியில் அது பிடிப்பது 4 இடம், அல்லது 2, அல்லது ஒன்றுமில்லை. எல்லாம் இரட்டைப்படை. 9 ஒற்றைப்படை. ஆகவே ஒவ்வொரு மாடியிலும் ஒரு சின்னக் கட்டையாவது இருந்தே ஆக வேண்டும். மாடிகள் மூன்று, உன்னிடம் சின்னக் கட்டையும் மூன்றுதான். மாடிக்கு ஒன்று, அவ்வளவுதான். இப்போது பெட்டியைப் பக்கவாட்டில் சாய்த்து அதே கணக்கைப் போடு. பிறகு முன்பக்கமாகச் சாய்த்து இன்னொரு முறை. எந்தப் பக்கம் சாய்த்தாலும் மாடிக்கு ஒன்று.

நீ இதுவரை பெரிய கட்டைகளை முதலில் வைத்துவிட்டுச் சின்னதைக் கடைசியில் ஓட்டைகளில் போட்டிருப்பாய். பெரியதை முதலில் வை என்று சொன்னவனே நான்தான். இந்தப் பெட்டிக்கு அதை மறந்துவிடு. மூன்று சின்னக் கட்டைகளுக்கும் முதலில் இடம் பார். ஒன்றைப் பெட்டியின் நட்டநடுவில், வெளியிலிருந்து கண்ணுக்கே தெரியாத இடத்தில் வைக்க வேண்டும். மற்ற இரண்டும் எங்கே என்று அடுத்த இதழுக்குள் எழுது.